நுகத்துக்கேற்ற எருது

இல்லற ஆலோசனைப் பகுதி



நம் பகுதிக்கு வரும் மடல்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பையும், பெண்ணின் திருமணத்தையும், வீட்டுக் கடனையும் பற்றியவையாக இருக்கும். இம்மாதம் வந்த ஒரு மடல் சற்று வேறு வகையானது. நம் மறைமாவட்டத்திலிருந்து சென்று இங்கிலாந்தில் குடியமர்ந்துள்ள சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் விடுத்து, மடலின் சாரத்தை மட்டும் தருகிறோம்.

"என் கணவரும், பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளும், 78 வயதான என் மாமியாரும் நானுமாக நாங்கள் ஐவர். மாமியாரால் நெடுநேரம் உட்கார்ந்திருக்க இயலாது. அடிக்கடி படுக்க வேண்டும். கழிப்பறை அருகிலேயே இருக்க வேண்டும். ஜூலை மாதத்தில் தமிழ் மக்கள் திரளாகச் செல்லும் வால்சிங்காம் திருப்பயணத்தில் ஒருமுறையேனும் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகவும், பிள்ளைகளின் விடுமுறைக்காகவும், காரின் பின்னால் கட்டி இழுக்கும் பழைய கேரவன் ஒன்றை வாங்க என் கணவர் முடிவு செய்திருக்கிறார். எங்களிடம் இருப்பதோ சிறிய கார். விற்பவர், 'இந்தக் காரே தாராளமாக இழுக்கும்' என்கிறார். கணவரும் நம்புகிறார். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு கேரவன் கவிழ்ந்து கிடந்ததை நான் கண்ணாரக் கண்டேன். அன்று முதல் எனக்கு உறக்கமில்லை. பெரிய கார் வாங்கினால் கடன், வாங்காவிட்டால் அச்சம். நாங்கள் என்ன செய்வது?"

மடலோடு காரின் எடைக் குறிப்பையும் கேரவனின் எடைக் குறிப்பையும் எழுதியனுப்பியிருக்கிறார் அச்சகோதரி. அது மிக நல்லதாயிற்று. கணவரின் நம்பிக்கைக்கும் மனைவியின் அச்சத்துக்கும் இடையே நின்று நடுநிலையோடு தீர்ப்புக் கூற, எண்களைவிடத் தக்க சாட்சி வேறில்லை. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று நம் ஆண்டவர் கேட்டதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அவ்வாறே நாமும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

கேரவன் என்பது யாது?

கேரவன் என்றதும் நம் ஊரில் பலருக்கும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியே நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசுவது தன்னுள் எஞ்சின் இல்லாத, காரின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லப்படும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை ஆகியவை அதற்குள் அடங்கும்.

இன்பப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவனாகக் கருதப்படுவது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்வித்த, குதிரைகள் இழுத்த வண்டியாகும். முதல் உலகப்போர் முடிந்தபின் 1919-இல் பர்மிங்காம் நகரின் எக்கிள்ஸ் நிறுவனம் மோட்டார் வண்டி இழுக்கும் கேரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது. ஜெர்மனியில் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் என்னும் வணிகர் தொழில் நிமித்தம் ஊர் ஊராகச் செல்ல வேண்டியவர். தமக்கு வாழ்க்கைத் துணையாகவிருந்த பெண்மணியைப் பிரிந்து செல்ல மனமின்றி, 1931-இல் அவர் ஒரு சக்கர வீட்டை அமைத்தார். அந்நாட்டின் முதல் கேரவன் அதுவே என்பர். குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் அன்பிலிருந்து பிறந்த பொருள் இது. ஆதலால் நம் சகோதரியின் கணவருடைய ஆசையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தாயையும் மக்களையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பும் மகனின் ஆசை அது.

எடைக்கு எடை

எருதையும் கழுதையையும் ஒரே ஏரில் பூட்டி உழவேண்டாம் என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. வலிமையில் ஒவ்வாத இரண்டை ஒரே நுகத்தில் பிணைத்தால் இரண்டும் துன்புறும். காரும் கேரவனும் அத்தகைய ஒரு பிணைப்பே. ஆகவே முதல் கேள்வி இது: இழுபடுவதைவிட இழுப்பது கனமானதா?

இதற்குப் பிரித்தானியாவின் தேசிய கேரவன் மன்றமும், கேரவன் சங்கங்களும் ஓர் அளவை வகுத்துள்ளன. பொருள்கள் ஏற்றிய கேரவனின் எடை, காரின் வெறும் எடையில் 100-க்கு 85 பங்குக்கு மேற்படாமல் இருத்தல் நன்று. பல்லாண்டு பழகியவர்கள் 100-க்கு 100 வரை செல்லலாம். அதற்கு மேல் எவரும் செல்லலாகாது. இது சட்டமன்று, அறிவுரையே. ஆனால் கண்ட பல விபத்துகளின் பாடத்திலிருந்து பிறந்த அறிவுரை.

நம் சகோதரி அனுப்பிய கணக்கைப் பார்ப்போம். காரின் வெறும் எடை 1,350 கிலோ. கேரவனின் உச்ச எடை, அதாவது பொருள்களோடு சேர்த்து அது தாங்கத்தக்க மொத்த எடை, 1,500 கிலோ. காரின் எடையில் 100-க்கு 85 என்பது ஏறத்தாழ 1,147 கிலோ. வாங்க எண்ணியுள்ள கேரவனோ காரைவிட 150 கிலோ அதிகம், 100-க்கு 111. புதிதாகப் பழகுகிறவருக்கு மட்டுமன்று, கைதேர்ந்தவருக்கும் இது தகாத பிணைப்பு.

எடை ஏன் இத்துணை முக்கியம்? புறப்படும்போது இழுப்பது கார். ஆனால் திருப்பத்திலும், இறக்கத்திலும், பக்கக் காற்றிலும் கேரவனும் காரை இழுக்கும், தள்ளும். கயிற்றின் நுனியில் கட்டிய கல் ஊசலாடுவதுபோலக் கேரவன் இருபுறமும் ஆடத் தொடங்கினால், அந்த ஆட்டத்தை அடக்க வல்லது கனமான காரே. காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம் மிகுந்திருப்பதும், பின் சக்கரத்துக்கும் கொக்கிக்கும் இடையே உள்ள தொலைவு குறைந்திருப்பதும் நிலைபேற்றைக் கூட்டும். நெம்புகோலின் விதி இதுவே. கொக்கி சக்கரத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவு எளிதாகக் கேரவன் காரின் பின்புறத்தை அசைத்துவிடும்.

காரின் தகடு கூறும் உண்மை

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது காரின் உடலில் பதித்துள்ள தகடு. பெரும்பாலும் அது கதவருகிலோ எஞ்சின் மூடியின் கீழோ இருக்கும். அதில் வரிசையாக நான்கு எடைகள் காணப்படும். முதலாவது, ஆட்களும் பொருள்களும் ஏற்றிய காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் கேரவனும் சேர்ந்த மொத்த உச்ச எடை. மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் எடைகள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், அக்கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது தெரியவரும்.

சகோதரியின் கார்த் தகட்டில் முதல் எண் 1,850. இரண்டாம் எண் 3,050. கழித்தால் 1,200 கிலோ. 1,500 கிலோ கேரவனை உச்ச எடையோடு இழுத்தால், கார் செய்தவரே வகுத்த எல்லையை 300 கிலோ மீறுகிறோம். 'தாராளமாக இழுக்கும்' என்று விற்பவர் கூறியது இங்கே பொய்த்துப் போகிறது. கையேட்டில் இதைவிடக் குறைந்த எண் தரப்பட்டிருந்தால் அந்தக் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும். இரண்டாவது எண்ணே இல்லாமலோ, அந்த இடத்தில் சுழியமோ இருந்தால், அக்காரில் எதையும் கட்டி இழுக்கலாகாது என்பது பொருள்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். செய்தவர் கூறும் இழுப்பு எல்லை, 100 மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்படும் ஆற்றலை வைத்துக் கணிக்கப்படுவது. ஏற்றத்தில் ஏறிவிடும் என்பதற்கு அது சான்று. நெடுஞ்சாலையில் காற்றடிக்கும்போது நிலைகுலையாமல் செல்லும் என்பதற்கு அன்று. ஆதலால் தகட்டின் எல்லை, 100-க்கு 85 என்னும் அறிவுரை ஆகிய இரண்டினுள் எது குறைவோ அதுவே நமக்கு எல்லை.

காரின் வெறும் எடையைக் கூறுவதிலும் வேறுபாடு உண்டு. சிலர் ஓட்டுநருக்கென 75 கிலோவைச் சேர்த்துக் கூறுவர், சிலர் சேர்ப்பதில்லை. கேட்டுத் தெளிதல் நலம்.

மயிலிறகும் அச்சை முறிக்கும்

கேரவனுக்கும் இரண்டு எடைகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ள எடை ஒன்று. தாங்கத்தக்க உச்ச எடை மற்றொன்று. சகோதரி குறித்தனுப்பிய கேரவனுக்கு முதலாவது 1,340 கிலோ. எனவே குடும்பம் ஏற்றத்தக்க பொருள்களின் எடை 160 கிலோ மட்டுமே.

160 கிலோ என்றால் நிறைய என்று தோன்றும். ஆனால் வாயிலில் கட்டும் கூடாரத்துணியும் கம்பிகளும் 20, 30 கிலோ வரும். மின்கலம் 20 கிலோவைத் தாண்டும். எரிவாயு உருளை, நாற்காலிகள், போர்வைகள், ஐவரின் உடைகள், பாத்திரங்கள் ஆகியவை போக, நம் இல்லத்தரசிகள் அரிசி மூட்டையையும், மாவரைக்கும் கிரைண்டரையும், கூட்டுத்திருப்பயணம் என்பதால் பெரிய குழம்புச் சட்டியையும் விட்டுவிட்டா வருவார்கள்? தண்ணீரோ லிட்டருக்கு ஒரு கிலோ. 40 லிட்டர் நிரப்பிக்கொண்டு சென்றால் 40 கிலோ வீணே இழுபடுகிறது. தண்ணீரைத் தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை எச்சரித்திருக்கிறார். கண்ணால் பார்த்து எடை மதிப்பிடாமல், முழுவதும் ஏற்றியபின் எடைமேடைக்குக் கொண்டுசென்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுவது மிகுந்த பயன் தரும்.

முன்பாரமும் பின்பாரமும்

நம் ஊர் வண்டிக்காரர்களுக்கு ஒரு நுட்பம் தெரியும். நெல் மூட்டைகளை முன்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அச்சின் மேல் பாரம் நிற்கவேண்டும். நுகத்தின்மேல் சிறிதளவே சாய வேண்டும்.

கேரவனுக்கும் இதே விதிதான். கொக்கியின்மேல் கேரவன் கீழ்நோக்கி அழுத்தும் எடை, ஏற்றிய கேரவனின் எடையில் 100-க்கு 5 முதல் 7 வரை இருப்பது நலம். 1,500 கிலோ கேரவனுக்கு அது 75 முதல் 105 கிலோ வரை வரும். இந்த அழுத்தத்துக்குக் காருக்கு ஓர் எல்லை, இழுப்புக் கொக்கிக்கு ஓர் எல்லை, கேரவனின் இணைப்புக்கு ஓர் எல்லை உண்டு. மூன்றில் சிறியதை மீறலாகாது. வாங்கும் காருக்கு இந்த எல்லை 50 கிலோ மட்டுமே இருந்தால், எஞ்சின் எவ்வளவு வலியதாயினும் பெரிய கேரவனுக்கு அது பொருந்தாது. கார் வாங்குவோர் பலரும் கேட்க மறப்பது இந்த எண்ணையே. மேலும் இந்த அழுத்தம் காரின் சுமையோடு சேரும். ஐவரும் அவர்களின் பெட்டிகளும் ஏறியபின் இதற்கு இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கனமான பொருள்களைத் தரையோடு தரையாக, அச்சுக்கு மேலாக வைக்க வேண்டும். பின்கோடியில் கனத்தை வைத்தால் கொக்கி மேலெழ முயலும். வண்டி பாம்பு போல் நெளியத் தொடங்கும். மிகை வேகமும், இறக்கமும், பெரிய லாரி கடந்து செல்லும்போது எழும் காற்றும் அந்நெளிவைத் தூண்டிவிடும். அவ்வேளையில் வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வளையத்தை நேராகப் பிடித்து, வண்டி தானே வேகம் குறைய விட வேண்டும். தடையை ஓங்கி மிதிப்பதும், வளையத்தை அங்குமிங்கும் திருப்புவதும் கேட்டை மிகுவிக்கும். நெளிவைத் தடுக்கும் உராய்வுக் கொக்கிகளும் மின்னணுக் கருவிகளும் இப்போது உள்ளன, நல்லவையே. ஆனால் ஒவ்வாத எடையையும் தவறாக ஏற்றிய பாரத்தையும் அவை சரிசெய்துவிடும் என்று நம்பலாகாது.

எஞ்சினும் எரிபொருளும்

எடை பொருந்தியபின்னரே எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும். கேரவன் இழுக்கக் குதிரைத்திறனைக் காட்டிலும் முறுக்கு விசையே முதன்மையானது. குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த முறுக்கு விசை தரும் இயல்பால் டீசல் எஞ்சின்கள் நெடுங்காலமாகக் கேரவன்காரர்களின் விருப்பமாக இருந்து வருகின்றன. ஸ்கோடா சூப்பர்ப், வோல்க்ஸ்வாகன் பசாட் போன்ற நீண்ட உடலுடைய கார்களில் வரும் 2 லிட்டர், 150 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் 340 நியூட்டன் மீட்டர் அளவுக்கும் மேலாகவும் விசை தருகிறது. நடுத்தரக் கேரவனுக்கு அது போதுமானது. லேண்ட்ரோவர் டிஸ்கவரி போன்ற பெரிய வண்டிகள் 3,500 கிலோ வரை இழுக்க வல்லவை. ஆனால் அவற்றின் விலையும் எரிபொருள் செலவும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் மாதக் கணக்கை நெளியச் செய்துவிடும்.

டீசல் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் மாநகரின் எல்லாப் பகுதிகளுக்கும் தூய காற்று மண்டல விதி விரிவுபடுத்தப்பட்டது. யூரோ 6 தரத்துக்குக் குறைந்த டீசல் காரை அங்கு ஓட்டினால் நாளொன்றுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்ரோல் காருக்கு யூரோ 4 தரம் போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டீசல் காரை வாங்கிவிட்டு நாள்தோறும் தண்டம் கட்டுவது அறிவுடைமை ஆகாது.

மின்சாரக் கார்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மின்மோட்டார் புறப்படும் கணத்திலேயே முழு விசையும் தரும். மின்கலத்தின் கனத்தால் காரின் எடையும் மிகுதி. இவை இரண்டும் இழுப்பதற்கு நற்பண்புகளே. டெஸ்லாவின் மாடல் ஒய் போன்றவை 1,600 கிலோ வரை இழுக்க ஏற்பு பெற்றவை. ஆனால் கேரவனை இழுக்கும்போது ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தொலைவு ஏறக்குறைய பாதியாகிவிடும். மின்னேற்றும் இடங்கள் பலவற்றில் கேரவனைக் கழற்றி வைத்தால்தான் காரை நிறுத்த முடியும். மூதாட்டியோடும் பிள்ளைகளோடும் செல்வோர் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். மின்சாரக் கார்களிலும் சிலவகைக் கலப்பினக் கார்களிலும் இழுக்கவே ஏற்பில்லாதவை உண்டு என்பதையும் மறத்தலாகாது.

தானியங்கிக் கியர், ஏற்றத்தில் புறப்படுவதையும் நெரிசலில் ஊர்வதையும் எளிதாக்கும். நாற்சக்கர இழுப்பு, மழையில் நனைந்த புல்தரையில் கைகொடுக்கும். இவை இருந்தால் நன்று, இல்லையெனில் குறையில்லை.

இழுப்பது பெரிதன்று, நிறுத்துவதே பெரிது

எந்த வண்டியையும் ஏதோ ஒரு வலிமையால் இழுத்துவிடலாம். நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் பொருத்தம் வெளிப்படும். கேரவனின் சக்கரங்களுக்கும் தடை உண்டு. கார் வேகம் குறைந்ததும் கேரவன் முன்னோக்கி நெருக்க, அந்நெருக்கம் ஒரு தண்டை அழுத்த, அதனால் கேரவனின் தடைகள் இயங்குகின்றன. கேரவன் தற்செயலாகக் கழன்றால் அதன் தடையைப் பற்றச் செய்யும் பாதுகாப்புக் கம்பி ஒன்றும் உண்டு. அதை மாட்டாமல் புறப்படவே கூடாது.

பிரித்தானியாவில் கேரவன் இழுக்கும் காருக்கு ஒற்றைப் பாதைச் சாலையில் மணிக்கு 50 மைலும், இரட்டைப் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் 60 மைலும் வேக எல்லை. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள நெடுஞ்சாலையில் வலக்கோடித் தடத்தில் செல்லலாகாது. கேரவன் காரைவிட அகலமாயின் நீட்டுக் கண்ணாடிகள் பொருத்த வேண்டும். 1997 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ ஓட்டுநர் தேர்வில் வென்றவர்கள் பெரிய கேரவன் இழுக்க முன்பு தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றில் அத்தேர்வு நீக்கப்பட்டு, 3,500 கிலோ வரை இழுக்க அனைவருக்கும் உரிமை அளிக்கப்பட்டது. சட்டம் உரிமை தந்துவிட்டது. கைப்பழக்கத்தைச் சட்டம் தர இயலாது. 1907-இல் தொடங்கப்பட்ட கேரவன் சங்கமும் பிறவும் நடத்தும் பயிற்சி வகுப்பில் ஒருநாள் செலவிட்டால், பின்னோக்கிச் செலுத்துவதையும் திரும்புவதையும் கற்றுக்கொள்ளலாம்.

கார்களைப்போல ஆண்டுதோறும் கேரவனைச் சோதித்துச் சான்றிதழ் பெறவேண்டிய விதி அங்கு இல்லை. ஆதலால் பழைய கேரவனின் டயர்களை உரிமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளங்கள் ஆழமாக இருப்பினும் 7 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயரை நம்பலாகாது.

இவை அனைத்திலும் முக்கியமான ஒன்றைச் சகோதரியின் கணவர் சிந்தித்திருக்கிறாரா என்று தெரியவில்லை. ஓடும் கேரவனுக்குள் எவரும் இருக்கக் கூடாது. தாய் கேரவன் கட்டிலில் படுத்துக்கொண்டே வால்சிங்காம் வரை வரலாம் என்பது அவர் மனத்தில் உள்ள எண்ணமாயின், அது நடவாது. வண்டி ஓடும் நேரமெல்லாம் அம்மூதாட்டி காரில் வார்ப்பட்டை அணிந்து உட்கார்ந்தே வரவேண்டும். இடையிடையே நிறுத்துமிடங்களில்தான் கேரவன் அவருக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஆகும். அது பெரிய உதவியே. ஆயினும் தாய்க்காகக் கார் தேடும்போது, எஞ்சினுக்கு முன்பாகக் காரின் பின் இருக்கையைப் பாருங்கள். கதவு அகலமாகத் திறக்கிறதா, இருக்கை எளிதில் ஏறி அமரும் உயரத்தில் உள்ளதா, கால் நீட்ட இடமுண்டா என்று அவரையே உட்காரவைத்துப் பாருங்கள்.

சகோதரிக்கும் அவர் கணவருக்கும்

இனி நேரடியாக விடை கூறுவோம். இப்போதுள்ள காரில் இந்தக் கேரவனைக் கட்டலாகாது. இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எல்லையை மீறி இழுப்பது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிடக்கூடும். சகோதரியின் அச்சம் வீண் அச்சம் அன்று.

அதனால் கணவரின் ஆசையைக் கைவிட வேண்டும் என்றும் கூறமாட்டோம். மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, காரை வைத்துக்கொண்டு கேரவனைச் சிறிதாக்குவது. உச்ச எடை 1,147 கிலோவுக்குள் உள்ள கேரவன் வேண்டும். அத்தகையவை கிடைக்கும்; ஆனால் பெரும்பாலும் இருவருக்கோ, நெருக்கிக்கொண்டால் நால்வருக்கோ இடம் தருபவை. ஐவர் உள்ள இக்குடும்பத்துக்குப் போதா.

இரண்டாம் வழி, காரை மாற்றுவது. பேசிவைத்த 1,500 கிலோ கேரவனே வேண்டுமென்றால், கார் குறைந்தது 1,765 கிலோ இருக்க வேண்டும். பெரிய கார், பெரிய கடன். கேரவனை 1,300 கிலோ அளவில் தேர்ந்தால் 1,530 கிலோ கார் போதும். யூரோ 6 தரமுள்ள, நீண்ட உடலுடைய நடுத்தரக் கார்கள் பழைய விலையில் இந்த எடையில் கிடைக்கின்றன. இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். கேரவனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் கார் தேடினால், கடனின் அளவை நீங்கள் தீர்மானிக்க மாட்டீர்கள், கேரவனே தீர்மானிக்கும்.

மூன்றாம் வழி, இவ்வாண்டு ஒன்றையும் வாங்காதிருப்பது. வால்சிங்காம் கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. வெல்ஸ் என்னும் கடலோர ஊர் ஏறத்தாழ 5 மைல். நார்ஃபோக் கடற்கரையில் ஒரே இடத்தில் நிலையாக நிறுத்தப்பட்ட கேரவன்களை வாடகைக்கு விடுகிறார்கள். இருக்கும் காரிலேயே மெல்ல, பலமுறை நின்று நின்று சென்று, இரண்டொரு நாள் அங்கே தங்கி, திருப்பயணத்தில் கலந்துகொள்ளலாம். கேரவன் வாழ்க்கை தாய்க்கு ஒத்துவருகிறதா, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஒத்துவந்தால் அடுத்த ஆண்டு இரண்டாம் வழியைப் பற்றி எண்ணலாம். அதற்குள் சிறிது பணமும் சேர்ந்திருக்கும். நம்மைக் கேட்டால் இந்த மூன்றாம் வழியையே பரிந்துரைப்போம். 78 வயதுத் தாயின் ஆசை கடன் தீரும் வரை காத்திருக்கத் தக்கதன்று.

கணவருக்கு ஒரு சொல். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கூறி மனைவியின் அச்சத்தை மூடிவிடாதீர்கள். தகட்டின் எண்களை அவர் முன்னிலையில் எழுதிக் கூட்டிக் காட்டுங்கள். மனைவிக்கும் ஒரு சொல். அச்சத்தை வாய்திறந்து கூறியது நன்று. அதோடு நில்லாமல் எண்களைத் தேடி எழுதியது அதனினும் நன்று. இனிப் பாரம் ஏற்றும் நாளில் பொருள்களின் எடைக் கணக்கைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டின் அளவறிந்த கைக்கு அது எளிது.

வாசகர்களுக்கு

நம் வாசகர்களில் பெரும்பாலோர் கேரவன் வாங்கப்போவதில்லை. ஆயினும் நம் குடும்பங்கள் பலவும் தம் வலிமைக்கு மீறிய ஏதோ ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. தகுதிக்கு மேற்பட்ட கல்யாணச் செலவு, அக்கம்பக்கத்தாரைப் பார்த்துக் கட்டிய மாடி, கூட்டுவட்டிக் கடன் ஆகியவை சமவெளியில் ஓசையின்றி வரும். இறக்கம் வந்ததும் பின்னிருந்து தள்ளும். வாங்குமுன் கணவனும் மனைவியும் ஒரே மேசையில் அமர்ந்து, 100-க்கு 85-க்குள் நிற்கிறோமா என்று பார்க்கும் பழக்கம் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

தொலைதூரம் சென்ற இளைஞன் தோபியாவுக்கு வானதூதர் இரபேலை வழித்துணையாக அனுப்பிய இறைவன், சாலைகளில் செல்லும் நம் குடும்பங்கள் அனைத்தையும் காப்பாராக. புறப்படுமுன் ஒரு செபமும், டயர்களின் காற்றழுத்தச் சோதனையும் நம் வழக்கமாகட்டும். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்றை விட்டுவிட வேண்டாம்.